காய்ச்சல் விட்ட மறுநாள்

கிரவுண்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போலீஸ் பிசிக்கலுக்கும் ராணுவத் தேர்வுக்கும் தயாராகிற உங்களுக்கு எப்படி ஓடுவது, கயிறு ஏறுவது, நீளம் தாண்டுவது என்று சொல்லித்தர இங்கே ஆள் இருக்கிறது. எப்போது ஓடக் கூடாது என்று உட்கார வைத்துச் சொல்பவர்கள் குறைவு. ஆண் பிள்ளைகளுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற கணக்கு தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. தேதி அறிவித்துவிட்டால் தூக்கத்திலும் அதே கணக்குதான். அந்த நேரம் பார்த்து உடம்பு சுடத் தொடங்கினால், ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்று பயந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஷூவை மாட்டிவிடுகிறீர்கள். ஒரு அரசு வேலைக்காக வீட்டில் எத்தனை பேர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அதட்டி அனுப்பிவிடாமல் காரணத்தோடு எழுதுகிறேன்.

இதில் பெரும்பகுதி, படுத்துக் கிடக்கும் நாளைப் பற்றியது அல்ல. நல்ல காய்ச்சல் ஆளைத் தானே படுக்க வைத்துவிடும். என் கவலையெல்லாம் காய்ச்சல் விட்ட மறுநாள் பற்றித்தான்.

1. சட்டத்தை உடம்பு நன்றாக இருக்கும்போதே போட்டுக்கொள். அதிகாலை ஐந்து மணிக்கு, தலை கனத்து, தொண்டை வலிக்கும்போது உட்கார்ந்து யோசித்தால் மனம் பேரம் பேசும். 'இரண்டு ரவுண்டு மட்டும்' என்று தொடங்கி முழுப் பயிற்சியில் போய் முடியும். அதனால் கீழே சொல்லும் எல்லைகளை இன்றே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு. கூடவே ஒரு டிஜிட்டல் தர்மாமீட்டர் வாங்கி வை. நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது. காய்ச்சல்காரனின் கையும் சேர்ந்து சுடுவதால் அவனுக்கே அது தெரிவதில்லை.

2. தர்மாமீட்டர் 100 பாரன்ஹீட்டைத் தொட்டால் அன்று ஓட்டம் இல்லை. மெதுவான ஓட்டமும் இல்லை, தண்டாலும் இல்லை. இதில் மட்டும் நான் யாருக்கும் விலக்கு தருவதில்லை. உடம்பின் வெப்பம் ஒரு செல்சியஸ் டிகிரி ஏறினால் இதயம் பொதுவாக நிமிடத்துக்குப் பத்துத் துடிப்பு கூடுதலாக அடிக்கும். 102 காய்ச்சலில் சும்மா படுத்திருப்பவனுக்கே இருபது துடிப்பு கூடியிருக்கும். ஓடும்போது தசைகள் வேறு வெப்பத்தைக் கக்கும். ஏற்கெனவே சுடுகிற உடம்பால் அந்த வெப்பத்தை வெளியேற்ற முடியாது. நம் ஊர்ச் சித்திரை வைகாசி வெயிலில், காற்றில் ஈரப்பதமும் சேர்ந்துகொண்டால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். வெப்பத்தாக்கு வந்து மூளையும் சிறுநீரகமும் கெடுவதற்கு அப்படி ஒரு காலைப்பொழுது போதும்.

'ஓடி வியர்த்தால் காய்ச்சல் விட்டுடும்' என்று பெரியவர்களே சொல்வார்கள். காய்ச்சல் இறங்கும்போது வியர்ப்பதைப் பார்த்து வந்த நம்பிக்கை அது. காய்ச்சல் இறங்குவதால்தான் வியர்க்கிறது. போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓடி வியர்வையை வரவழைத்தால் உடம்பில் தண்ணீர்தான் குறையும்.

3. கழுத்தை எல்லையாக வைத்துக்கொள். ராண்டி ஐக்னர் என்ற அமெரிக்க மருத்துவர் 1990களில் விளையாட்டு வீரர்களுக்குச் சொன்ன எளிய கணக்கு இது. தொல்லை கழுத்துக்கு மேலே மட்டும் என்றால், அதாவது மூக்கு ஒழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு என்றால், மெதுவாகத் தொடங்கிப் பார்க்கலாம். கழுத்துக்குக் கீழே என்றால், நெஞ்சுச்சளி, இருமல், இளைப்பு, உடம்பு வலி, குளிர் நடுக்கம், வயிற்றுப்போக்கு என்றால், வீட்டுக்குப் போ. காய்ச்சல் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், இரண்டாவது சட்டம்தான்.

சாதாரணச் சளிக்கு ஓடினால் என்ன ஆகும் என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இருக்கும் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் வைட்னர் என்பவரும் அவருடைய குழுவும், 50 மாணவர்களுக்கு மூக்கு வழியாகச் சளி வைரஸைச் செலுத்தினார்கள். 34 பேரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் 40 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். 16 பேரைச் சும்மா விட்டார்கள். சளி எத்தனை நாள் இருந்தது, எவ்வளவு படுத்தியது என்பதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 1998இல் வெளியான ஆய்வு இது. இதைப் பிடித்துக்கொண்டு எல்லா நோய்க்கும் ஓடலாம் என்று வராதே. அது சாதாரணச் சளி, அது மிதமான பயிற்சி, அதுவும் கண்காணிப்பில் நடந்தது.

4. சளியோடு வந்தால் பத்து நிமிடம் நடையும் மெல்லோட்டமுமாகப் போ. அதற்குப் பிறகு தலை தெளிந்தால், வழக்கத்தில் பாதித் தூரம் ஓடி முடி. தலை கனத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ஸ்பிரிண்ட், நேரம் வைத்து ஓடுவது, கயிறு இதெல்லாம் வேண்டாம். மற்ற பிள்ளைகளை விட்டுத் தள்ளி ஓடு. உன் தண்ணீர் பாட்டிலை யாருக்கும் கொடுக்காதே. ஒரே பாட்டில் இருபது வாய்க்குப் போகிற கிரவுண்டில் ஒருவனுடைய சளி ஒரு வாரத்தில் எல்லோருக்கும் வந்துவிடும். மெட்ராஸ் ஐ வந்தவன், அம்மை போட்டவன், இவர்களுக்குத் தெம்பு இருந்தாலும் கிரவுண்டு பக்கம் வர வேண்டாம். அம்மைக் கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும் வரை அது அடுத்தவருக்குத் தொற்றும்.

5. காலையில் எழுந்தவுடன், படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன், நாடியைப் பார். மணிக்கட்டில் விரல் வைத்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கு. நன்றாக இருக்கும் நாட்களில் இரண்டு வாரம் எழுதி வைத்தால் உன் வழக்கமான எண் தெரிந்துவிடும். வழக்கம் 60 என்றால், காரணமில்லாமல் 70ஐத் தாண்டுகிற காலையில் கடும்பயிற்சி வேண்டாம். பல நேரம் காய்ச்சல் வெளியே தெரிவதற்கு முன்பே நாடியில் தெரியும்.

6. மாத்திரை போட்டு மறைத்த காய்ச்சலும் காய்ச்சல்தான். பாராசிட்டமால் எண்ணைக் குறைத்துக் காட்டும், கிருமியை ஒன்றும் செய்யாது. 'மாத்திரை போட்டேன் மாஸ்டர், இப்ப நார்மல்' என்று சொல்கிறவனை நான் வீட்டுக்குத்தான் அனுப்புவேன்.

மெடிக்கலில் போய் 'ஒரு செட் மாத்திரை கொடுங்க' என்று கேட்டு வாங்கும் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அந்தச் சின்னக் கவரில் என்னென்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரை இருக்கலாம். உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது அதைப் போட்டுக்கொண்டு ஓடினால் சிறுநீரகம் அடிவாங்கும். சளி மாத்திரை சிலருக்குத் தூக்கத்தைத் தரும், சிலருக்குப் படபடப்பைத் தரும். சிப்ரோபிளாக்சசின், ஓபிளாக்சசின், லீவோபிளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். குதிகாலுக்கு மேலே தடித்த கயிறுபோல் ஓடும் அந்த நாணை இவை பலவீனமாக்கக்கூடும், அறுந்தும் போகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008இல் இந்த வகை மருந்துகளுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை இட்டது இதற்காகத்தான். மருந்தை நிறுத்திச் சில மாதம் கழித்துக்கூட அந்த நாண் அறுந்தவர்கள் உண்டு. மருத்துவர் உனக்கு அதை எழுதியிருந்தால் அவர் சொன்ன நாள் வரை கட்டாயம் சாப்பிடு. ஆனால் நான் ஓடுகிறவன், தாண்டுகிறவன் என்று அவரிடம் முதலிலேயே சொல். குதிகாலுக்கு மேலே வலித்தால் அன்றே போய்க் காட்டு.

7. வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் ஓட்டம் கிடையாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள். டெட்ரா பாக்கெட்டில் இனிப்பாக விற்பதெல்லாம் ஓ.ஆர்.எஸ். அல்ல. உப்புப் போட்ட கஞ்சி நல்லது. சிறுநீர் வெளிர் மஞ்சளாகத் தாராளமாகப் போய், ஒரு முழு நாள் சாப்பாடு வயிற்றில் தங்கினால் மறுநாள் நடக்கலாம்.

8. இனி டெங்கு. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் கிரவுண்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். மற்றக் காய்ச்சல்களில் சூடு இறங்கினால் நிம்மதி. டெங்கில் சூடு இறங்குகிற நேரம்தான் கண்டம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும். அதையொட்டி ஓரிரு நாட்கள், ரத்தக் குழாய்களிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசியும். பிளேட்லெட் இறங்கும். ரத்த அழுத்தம் சரியலாம். வெளியே பார்த்தால் பையன் எழுந்து உட்கார்ந்திருப்பான், இட்லி கேட்பான், 'நாளைக்குப் போகலாமா மாஸ்டர்' என்று போன் செய்வான். புதிதாகச் சிமென்ட் பூசிய தரை மேலே காய்ந்ததுபோல் தெரியும், மிதித்தால்தான் உள்ளே இருக்கும் ஈரம் தெரியும் என்பார்களே, அந்த நிலை அது.

காய்ச்சல் விட்ட இரண்டு நாளில் வயிற்றுவலி கடுமையாக இருந்தால், வாந்தி நிற்காமல் இருந்தால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தால், மலம் கறுத்துப் போனால், ஆள் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால், தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். நிலவேம்புக் குடிநீரைக் குடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. டெங்கு என்ற சந்தேகம் இருக்கும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையைத் தொடாதே. ஆஸ்பிரின், ஐபுபுரூபன், டைக்ளோபினாக் எல்லாம் ரத்தக் கசிவைக் கூட்டும். ரத்தப் பரிசோதனை சரியாகி, மருத்துவர் சம்மதித்த பிறகும் முதல் இரண்டு வாரம் நடைதான். டெங்குக்குப் பின் வரும் அசதி சோம்பல் அல்ல. சிலருக்கு அது மாதக்கணக்கில் இருக்கும். அதைச் சோம்பல் என்று திட்டும் அண்ணன்மாரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

சிக்குன்குன்யா வேறு மாதிரி. 2006இல் அது தமிழ்நாட்டில் பரவியபோது, மூட்டைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் நொண்டிய ஆட்களை உங்கள் அப்பா அம்மா பார்த்திருப்பார்கள். அதில் கணுக்காலும் முழங்காலும் வீங்கியிருக்கும்வரை ஓட்டம், தாண்டல் இரண்டும் வேண்டாம். வீக்கம் வற்றிய பிறகு சைக்கிளில் தொடங்கு.

9. இதயம். வைரஸ் காய்ச்சல் சிலருக்கு இதயத் தசையையே தாக்கும். இதயத் தசை அழற்சி என்று மருத்துவர்கள் சொல்வார்கள். எல்லோருக்கும் வருவதில்லை, அபூர்வம்தான். ஆனால் வந்தவர்களில் பலருக்குத் தொடக்கத்தில் பெரிய அறிகுறி தெரியாது. அந்த இதயத்தோடு முழு வேகத்தில் ஓடினால் துடிப்பின் தாளம் தப்பி, ஓடுகிற ஆள் ஓடுகிற இடத்திலேயே விழுந்துவிடலாம்.

சுவீடனில் வரைபடமும் திசைகாட்டியும் கையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடும் ஓரியண்டீரிங் என்ற போட்டி மிகப் பிரபலம். 1979க்கும் 1992க்கும் இடையில் அந்த விளையாட்டின் இளம் வீரர்கள் 16 பேர் திடீரென்று இதயம் நின்று இறந்தார்கள். அத்தனை பேரும் நல்ல பயிற்சி பெற்றவர்கள். இறந்தவர்களின் இதயங்களைப் பரிசோதித்தபோது பலவற்றில் தசை அழற்சியின் தடயம் இருந்தது. 1992இன் இறுதியில் அந்த விளையாட்டில் கடும்பயிற்சியையும் போட்டிகளையும் சில மாதங்கள் நிறுத்தி வைத்தார்கள். உடம்பு சரியில்லாதபோது ஓடவே கூடாது என்று வீரர்கள் எல்லோருக்கும் அறிவுறுத்தினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்த வீரர்களிடையே அப்படி ஒரு மரணம் நிகழவில்லை. அதற்கு வெகு முன்பே, 1970 வாக்கில், காக்சாகி வைரஸ் தொற்றிய எலிகளை நீந்த வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நீந்திய எலிகளின் இதயத்தில் வைரஸ் பல மடங்கு பெருகியிருந்தது.

பேயர்ன் மியூனிக் அணியின் கால்பந்து வீரர் அல்ஃபோன்சோ டேவிஸுக்கு 2022 ஜனவரியில் கொரோனாவுக்குப் பின் லேசான இதயத் தசை அழற்சி கண்டுபிடிக்கப்பட்டது. உலகத்திலேயே வேகமான ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர். ஏப்ரலில்தான் மீண்டும் ஆடினார். லேசானது என்று சொல்லியே அவ்வளவு காலம் நிறுத்தினார்கள். பொதுவாக இதற்கு மூன்று முதல் ஆறு மாதம் கடும்பயிற்சி கூடாது என்பது மருத்துவர்களின் கணக்கு. அதனால் காய்ச்சல் வந்து போன சில வாரங்களுக்குள் நெஞ்சு வலி, நெஞ்சு அடைப்பு, காரணமில்லாத படபடப்பு, வழக்கத்துக்கு மீறி மூச்சு வாங்குதல், ஓடும்போது கண் இருட்டல் இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடு. அந்த ரவுண்டை முடிக்காதே. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்காமல் திரும்ப வராதே.

10. திரும்பி வரும் கணக்கு. மாத்திரை இல்லாமல் இரண்டு முழு நாள் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும். பசியும் தூக்கமும் திரும்பியிருக்க வேண்டும். அதன் பிறகு, எத்தனை நாள் படுத்தாயோ குறைந்தது அத்தனை நாள் எடுத்துக்கொண்டு மேலே ஏறு. ஐந்து நாள் காய்ச்சல் என்றால், முதல் இரண்டு நாள் நடை, மூன்றாம் நாள் நடையும் மெல்லோட்டமும் மாறி மாறி, நான்காம் நாள் பாதித் தூரம், ஐந்தாம் நாள் முழுத் தூரம், ஆனால் நேரம் பார்க்காமல். அதற்குப் பிறகுதான் ஸ்டாப்வாட்ச். நடுவில் ஒரு நாள் காலை நாடி வழக்கத்தைவிடப் பத்து கூடினால் முந்தைய நாளின் அளவுக்கு இறங்கு.

11. டைபாய்டில் மருந்தை முழு நாளும் முடி. பாதியில் விட்டால் திரும்பும். மலேரியா, டைபாய்டு இரண்டிலும் மண்ணீரல் வீங்கலாம், அதனால் மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை கபடி ஆடாதே. வீங்கிய மண்ணீரலில் ஒரு முழங்கை பட்டால் உள்ளே கிழிந்துவிடும். மஞ்சள் காமாலையில் கீழாநெல்லி சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் பரிசோதனை சரியாகும்வரை ஓட்டம் இல்லை.

12. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்துகொள். சாயங்காலம் லேசான காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல் இவையும் இருந்தால் நாளைக்கே போ. ஓடுகிற பிள்ளைகளுக்கு எடை குறைந்தால் 'பயிற்சியில் இளைச்சிட்டான்' என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள், டி.பி. அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். சாதாரண டி.பி. ஆறு மாத மருந்தில் குணமாகிவிடும், வேலைக்கு அது தடை என்று பயந்து மறைக்காதே.

13. பெண் பிள்ளைகளுக்குத் தனியாக. மாதவிலக்கு நோய் அல்ல. வலி இல்லை, முடிகிறது என்றால் ஓடலாம். முடியவில்லை என்றால் காரணம் சொல்லாமலே உட்காரலாம், இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, எவ்வளவு பயிற்சி செய்தாலும் 400 மீட்டர் நேரம் குறையவில்லை, இமைக்குள் வெளுத்திருக்கிறது என்றால் ஹீமோகுளோபின் பார். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதை 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வு காட்டியது. 12க்குக் கீழே இருந்தால் மருத்துவர் சொல்லும் இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பிடு, டீயோடு சேர்த்துச் சாப்பிடாதே. பாப்பா, உன்னால் முடியாது என்று நீயே தீர்மானித்துவிடுவதற்கு முன்னால் அந்த ஒரு சோதனையைச் செய்து பார்.

14. உன் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். நன்கு பயிற்சி பெற்றவர்களை முழுக்க ஓய்வெடுக்க வைத்து அளந்திருக்கிறார்கள். மூன்று வாரம் ஓடாமல் இருந்தால் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் சுமார் 7 சதவீதம் குறைகிறது. ஐந்தாறு நாள் ஓய்வில் போவது அதைவிட மிகக் குறைவு, சில நல்ல பயிற்சிகளில் திரும்பி வந்துவிடும். காய்ச்சலோடு ஓடி அது நெஞ்சுக்குள் இறங்கினால் போவது ஒரு மாதம், அல்லது அந்த வருடத்துத் தேர்வே.

15. கடைசியாக, பக்கத்தில் ஓடுகிறவன் விழுந்தால் என்ன செய்வது என்பது. தட்டிக் கூப்பிடு. பதில் இல்லை, மூச்சு இல்லை, அல்லது மூச்சு விட்டுவிட்டு இழுக்கிறது என்றால் அது இதயம் நின்ற நிலை. கை கால் கொஞ்ச நேரம் வெட்டி இழுக்கலாம். பார்ப்பவர்கள் வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவியைத் திணிப்பார்கள், வாயில் சோடா ஊற்றுவார்கள். இரண்டையும் செய்ய விடாதே. ஒருவர் 108க்குப் போன் செய்யட்டும். நீ மண்டியிட்டு, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையை வைத்து, அதன்மேல் மற்றக் கையை வைத்து, முழங்கையை மடக்காமல், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்து. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுக்க மேலே வர விடு. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். களைத்த கை ஆழமாக அழுத்தாது. ஆம்புலன்ஸ்காரர் வந்து கையில் வாங்கிக்கொள்ளும்வரை நிறுத்தாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்ததும் எல்லோரும் இருங்கள், தலையணையை வைத்து ஒவ்வொருவரையும் அழுத்திப் பழக வைக்கிறேன்.